பெத்சதா குளத்தருகே படுத்திருந்த மற்றவர்கள்

(நோயுற்றோர் உலக நாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்று பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். நம் குடும்பங்களில்தான் எத்தனை லூர்து மேரிகள், எத்தனை லூர்துசாமிகள்! பிரான்ஸ் நாட்டில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் நம் பிள்ளைகளின் பெயராகிவிட்டது. லூர்து கெபி இல்லாத பங்கை நம் மறைமாவட்டங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். 1858-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை 14 வயது ஏழைச் சிறுமி பெர்னதெத்துக்கு அன்னை மரியா 18 முறை காட்சி தந்தார். குகையருகே ஊறிய தண்ணீரைத் தேடி நோயாளர் வரத் தொடங்கினர், இன்றும் வருகின்றனர். இந்தத் திருநாளையே திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் நோயுற்றோர் உலக நாளாக 1992-இல் ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டு முதல் திருஅவை அதைக் கடைப்பிடித்து வருகிறது.

இயேசு ஏன் புதுமைகள் செய்தார்? நோயாளரை எதற்காகக் குணமாக்கினார்? இந்த நாளுக்குப் பொருத்தமான கேள்வி இது. விடை எளிது என்றே முதலில் தோன்றும். தாம் கடவுள் என்று எண்பிக்கச் செய்தார் என்போம். அல்லது, மக்கள்மேல் இரங்கிச் செய்தார் என்போம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவை அத்தனையையும் சொல்லிவிடவில்லை என்பதை நற்செய்தியைக் கொஞ்சம் பொறுமையாக வாசித்தால் கண்டுகொள்வோம்.

எருசலேமில் பெத்சதா என்றொரு குளம் இருந்தது. ஐந்து மண்டபங்கள் கொண்ட குளம் என்று யோவான் எழுதுகிறார் (யோவா 5). ஐந்து மண்டபம் கொண்ட குளம் எங்காவது உண்டா, இது வெறும் உருவகம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பிறகு புனித அன்னா கோவிலுக்கு அருகில் அகழ்ந்தபோது அடுத்தடுத்து இரண்டு குளங்களும் நடுவே ஒரு தடுப்பும் தென்பட்டன. நாலு பக்கமும் நாலு, நடுவில் ஒன்று. கணக்குச் சரியாகிவிட்டது! அது போகட்டும். அந்த மண்டபங்களில் யார் கிடந்தார்கள்? பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், முடக்குவாதமுற்றோர் என்று ஒரு பெரும் கூட்டமே கிடந்தது. அவர்களிடையே 38 ஆண்டுகளாய் நோயுற்றிருந்த ஒருவரிடம் இயேசு போகிறார். நலம்பெற விருப்பமா என்று கேட்கிறார். தண்ணீர் கலங்கும்போது தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை, தமக்கு முன்னே வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்று அந்த மனிதர் முறையிடுகிறார். எழுந்து படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கும்படி இயேசு சொல்ல, அவர் நடக்கிறார். இயேசுவோ கூட்டத்துக்குள் மறைந்துபோகிறார்.

நேயர்களே, அங்கே படுத்திருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

நம் மறையுரைகளில் இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. எழுந்து நடந்தவரைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறோம். அவருக்கு இடப்பக்கம் கிடந்தவரும் வலப்பக்கம் கிடந்தவரும் அன்று மாலையும் அங்கேயேதான் கிடந்தார்கள். உலகத்து நோய்களையெல்லாம் ஒழிப்பதற்காகவே இயேசு வந்தார் என்றால், அன்று அந்தக் குளக்கரையில் அவருடைய வேலை பாதியில்கூட அல்ல, தொடக்கத்திலேயே நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

கப்பர்நாகுமிலும் இதே கதைதான். முதல் நாள் மாலை ஊர் முழுவதும் வாசலில் கூடியிருந்தது; பலரைக் குணமாக்கினார். மறுநாள் விடியற்காலையில் தனியே போய் இறைவேண்டலில் இருக்கிறார். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து அழைக்கிறார். அவரோ ஊருக்குத் திரும்பவில்லை. மற்ற ஊர்களிலும் நற்செய்தியை அறிவிக்க வேண்டும், அதற்காகவே வந்தேன் என்று புறப்பட்டுவிடுகிறார் (மாற் 1). வாசலில் வரிசை காத்திருந்தது. நம்மில் ஒருவராக இருந்தால் அங்கேயே ஒரு மண்டபம் கட்டி, தேதி குறித்து, சுவரொட்டி ஒட்டியிருப்போம்.

தம்மை எண்பிப்பதற்காகச் செய்தார் என்றால், அதுவும் பொருந்தவில்லை. வானிலிருந்து அடையாளம் காட்டும்படி பரிசேயர் கேட்டபோது மறுத்துவிட்டார். ஏரோது ஒரு புதுமையைக் காணும் ஆசையில் காத்திருந்தான். அவன் முன் வாய் திறக்கவில்லை. சிலுவையிலிருந்து இறங்கி வந்தால் நம்புகிறோம் என்றார்கள். எண்பிப்பதற்கு அதைவிட நல்ல மேடை கிடைக்காது. அவர் இறங்கவில்லை.

அப்படியானால் எதற்கு? யோவான் நற்செய்தியாளர் பயன்படுத்தும் சொல்லே நமக்கு வழி காட்டுகிறது. நம் பாட்டிமார் ‘புதுமை’ என்பார்கள். பிற சபைகளைச் சேர்ந்த சகோதரர்கள் ‘அற்புதம்’ என்பார்கள். முதல் மூன்று நற்செய்திகளில் ‘வல்ல செயல்’ என்ற சொல்லைப் பார்க்கிறோம். யோவானோ ‘அடையாளம்’ என்றே எழுதுகிறார். நம் விவிலியத்தில் அதை ‘அரும் அடையாளம்’ என்று வாசிக்கிறோம். அடையாளம் தன்னைக் காட்டுவதில்லை, வேறொன்றைக் காட்டும். நாகப்பட்டினம் தாண்டியதும் சாலையோரம் வேளாங்கண்ணி என்று எழுதிய பலகை நிற்கும். ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்திக் கால் கொப்புளிக்க நடந்து வரும் நம் மக்களுக்கு அந்தப் பலகையைக் கண்டதும் ஒரு தெம்பு வரும். ஆனால் யாரும் பலகைக்கு அடியிலேயே பாயை விரித்து, வந்து சேர்ந்துவிட்டோம் என்று படுத்துவிடுவதில்லை.

லாசரைப் பாருங்கள். நான்கு நாள் கல்லறையில் கிடந்தவரை இயேசு உயிரோடு வரச்செய்தார். அதன்பின் லாசர் என்ன ஆனார்? ஒரு நாள் மறுபடியும் இறந்தார். பாவம், இரண்டு முறை அடக்கம் செய்யப்பட்டவர் அவர்! நாயீன் ஊர் இளைஞரும், யாயிரின் மகளும், குணம்பெற்ற தொழுநோயாளரும், எல்லாரும் பின்னர் ஒரு நாள் இறந்துபோனவர்களே. இயேசு தந்த உடல்நலம் சில ஆண்டுகளுக்கானது. அது சுட்டிக்காட்டிய வாழ்வோ அப்படிப்பட்டது அல்ல. இறையாட்சி வந்தால் மனிதர் எப்படி இருப்பார்கள் என்பதற்கு ஒரு முன்சுவை. பொங்கல் பானையிலிருந்து கரண்டியால் கொஞ்சம் எடுத்துப் பிள்ளையின் கையில் வைப்பதுபோல.

அந்த முன்சுவையில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உடம்பு மட்டும் அல்ல. தொழுநோயாளரை ஒரு சொல்லாலேயே குணமாக்கியிருக்கலாம். இயேசு முதலில் தொட்டார். ஆண்டுக்கணக்கில் எவர் கையும் படாத உடம்பு அது. 12 ஆண்டுகளாய் இரத்தப்போக்கால் வருந்திய பெண் பின்னால் வந்து ஆடையைத் தொட்டதும் நலம்பெற்றுவிட்டார். அதோடு விட்டிருக்கலாம், யாயிரின் வீட்டில் சிறுமி சாகக் கிடக்கிறாள், அவசரம். ஆனாலும் நின்று, தொட்டது யார் என்று கேட்டு, அந்தப் பெண்ணைக் கூட்டத்தின் நடுவே பேசவைத்து, ‘மகளே’ என்று அழைக்கிறார் (மாற் 5). தீட்டு என்று ஒதுக்கப்பட்டு, சொத்தையெல்லாம் மருத்துவரிடம் தொலைத்துவிட்டு, யாரும் அறியாமல் வந்து போக நினைத்தவருக்கு ஊரறிய ஓர் உறவு கிடைத்தது. (இடையே ஒன்று: மருத்துவர்களால் அந்தப் பெண் மிகவும் துன்பப்பட்டார், இன்னும் கேடுற்றார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். அதே நிகழ்ச்சியை லூக்கா எழுதும்போது குணமாக்க இயலவில்லை என்று மென்மையாக முடித்துக்கொள்கிறார். லூக்கா மருத்துவர் என்று பவுல் சொல்வது நினைவுக்கு வருகிறது!)

இப்போது கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருவோம். இந்த நிகழ்ச்சிக்கு வரும் கடிதங்களில் நன்றிக் கடிதங்கள் உண்டு. வேறு வகைக் கடிதங்களும் உண்டு. தாய் ஒருவர் எழுதியிருந்தார். மகளுக்குச் சிறுநீரகக் கோளாறு. வேளாங்கண்ணிக்குப் போய் முடி காணிக்கை தந்தார்கள், வெள்ளியில் உருவம் செய்து வைத்தார்கள், செபக்கூட்டங்களுக்குப் போனார்கள். பெண் இறந்துவிட்டாள். அதன்பின் உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “உங்க விசுவாசத்துல எங்கேயோ குறை இருந்திருக்கு, இல்லேன்னா ஆண்டவர் கைவிடமாட்டார்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “என் குறையினால்தான் என் பிள்ளை செத்தாளா?” என்று அந்தத் தாய் கேட்கிறார்.

அம்மா, இல்லை. நற்செய்தியை வைத்தே சொல்கிறோம், இல்லை. பெத்சதாவில் நலம்பெற்றவருக்குத் தம்மைக் குணமாக்கியவர் யார் என்றே தெரிந்திருக்கவில்லை. நாயீன் ஊர்க் கைம்பெண் எதையும் கேட்கவே இல்லை. அழுதுகொண்டு நடந்தார், அவ்வளவுதான். கெத்சமனியில் காது வெட்டப்பட்டவன் இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவன். அவனிடம் என்ன நம்பிக்கை இருந்தது? அவன் காதையும் தொட்டு நலமாக்கினார். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதமுற்றவரின் கதையில், இயேசு கண்டது தூக்கி வந்தவர்களுடைய நம்பிக்கையையும்தான் என்று மாற்கு எழுதுகிறார். நாசரேத்தில் மக்களின் நம்பிக்கையின்மையால் வல்ல செயல் செய்ய இயலவில்லை என்ற பகுதியைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே நடந்தது வேறு. தச்சர்தானே என்று ஏளனம் செய்து அவரை ஒதுக்கிய ஊர் அது. அங்கேயும் நோயாளர் சிலர்மேல் கைகளை வைத்துக் குணமாக்கினார். பிள்ளைக்காக முழந்தாள்படியிட்ட தாயை நோக்கி நீட்டுவதற்கான வசனம் அல்ல அது.

திருத்தூதர்களின் வீட்டுக்குள்ளும் நோய் இருந்தது. தைக்கப்பட்ட முள்போன்ற ஒன்றை நீக்கும்படி பவுல் மூன்று முறை மன்றாடினார். முள் போகவில்லை, அருள் போதும் என்ற விடை வந்தது. திமொத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு. கொஞ்சம் திராட்சை மது சேர்த்துக்கொள்ளச் சொன்னார். துரோப்பிமை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டு வர நேர்ந்தது. அவருடைய துணி பட்டாலே நோய் நீங்கியதாகத் திருத்தூதர் பணிகள் சொல்லும் அதே பவுல்தான்! பவுலுக்கு நம்பிக்கை குறைவு என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

திருமுழுக்கு யோவானை நினைத்தால் நமக்கே நெஞ்சு கனக்கிறது. சிறையிலிருந்து ஆள் அனுப்பி, வரவிருக்கிறவர் நீர்தானா என்று கேட்கிறார். பார்வையற்றோர் பார்க்கின்றனர், கால் ஊனமுற்றோர் நடக்கின்றனர், ஏழைகளுக்கு நற்செய்தி கிடைக்கிறது என்று இயேசு பதில் அனுப்புகிறார். எசாயா முன்னுரைத்த பட்டியல் அது. அந்த எசாயாவின் ஏட்டில் சிறைப்பட்டோர் விடுதலை பெறுவதும் இருக்கிறது. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு அதை வாசித்தும் இருக்கிறார். சிறையில் இருக்கும் யோவானுக்கு அனுப்பிய பதிலில் அந்த வரி மட்டும் இல்லை. இருட்டறையில் உட்கார்ந்து அந்தப் பதிலைக் கேட்ட யோவானுக்கு அது புரிந்திருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் புதுமை நடக்கிறது, எனக்கு இல்லை. தம்மைக் குறித்துத் தயக்கம் கொள்ளாதவர் பேறுபெற்றவர் என்றும் இயேசு சேர்த்து அனுப்பினார். சில நாளில் யோவானின் தலை தட்டில் வந்தது. பெண்களிடம் பிறந்தவர்களுள் அவரைவிடப் பெரியவர் இல்லை என்று இயேசு சான்று சொன்னது இதே யோவானைப் பற்றித்தான்.

ஏன் அவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. விடை தெரிந்ததுபோல் பேசுகிறவர்களை நம்பாதீர்கள் என்று மட்டும் சொல்வோம்.

லூர்து நகருக்கே திரும்பிப் போவோம். அங்கே 1883 முதல் மருத்துவப் பதிவகம் ஒன்று இயங்குகிறது. குணம்பெற்றேன் என்று ஒருவர் சொன்னால் மருத்துவர்கள் பழைய அறிக்கைகளையெல்லாம் வாங்கிப் பார்ப்பார்கள். நோய் உண்மையானதா, கடுமையானதா, மருந்தால் தீர்ந்திருக்குமா, குணம் திடீரென்று வந்ததா, முழுமையானதா, ஆண்டுகள் கடந்தும் நிலைக்கிறதா என்று துருவுவார்கள். பின்னர் பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையான கர்தினால் லம்பர்த்தினி 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல்கள் இவை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணமடைதல்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. அவற்றுள் புதுமை என்று திருஅவை அறிவித்தவற்றின் எண்ணிக்கை 2018-இல் 70 ஆனது. 160 ஆண்டுகளில் எழுபதே! ‘இன்றிரவே இத்தனை பேர்’ என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் கூட்டங்களுக்குப் போய்வந்த நமக்கு இது மிகவும் கஞ்சத்தனமாகத் தோன்றலாம். கடவுளின் பெயரைச் சொல்லி ஒரு பொய்யும் வந்துவிடக் கூடாது என்ற அச்சம் அது. அந்த அச்சம் நமக்கும் கொஞ்சம் வேண்டும்.

குணமாகாமல் திரும்புகிறவர்களே லூர்தில் பெரும்பாலானோர். ஆனாலும் மறுபடி வருகிறார்கள். அங்கே சக்கர நாற்காலிகளுக்குத்தான் முதல் வரிசை. இளைஞர்கள் அவர்களைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வீட்டில் பின்கட்டில் கிடத்தப்பட்டவர்கள் அங்கே பவனியின் முன்னால் போகிறார்கள்.

பெர்னதெத்தின் கதையும் கேளுங்கள். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. 1866-இல் நெவேர் நகரத் துறவு மடத்தில் சேர்ந்தார். லூர்துக்குத் திரும்பவே இல்லை. தம் கையால் தோண்டிய ஊற்றிலிருந்து ஊரெல்லாம் நலம்பெற, அவரோ காசநோயால் முழங்கால் வீங்கி, மூச்சுத் திணறி, 1879 ஏப்ரல் 16 அன்று 35 வயதில் இறந்தார். இந்த உலகில் இன்பம் தருவதாக அன்னை அவருக்கு வாக்களிக்கவில்லை. மறு உலகில்தான் என்று முன்பே சொல்லியிருந்தார். 1933-இல் திருஅவை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நம் மண்ணின் மறைச்சாட்சி புனித தேவசகாயத்தின் வாழ்விலும் இதே புதிர்தான். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அவர் விலங்கிடப்பட்டு எருமைமேல் ஊர்ஊராய் இழுத்துச் செல்லப்பட்டார். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியபோது முழங்கையால் பாறையை இடிக்க, தண்ணீர் சுரந்தது என்பது நம் மக்கள் வழிவழியாய்ச் சொல்லி வருவது. முட்டிடிச்சான் பாறைக்கு இன்றும் போய் வருகிறோம். தாகத்துக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டபோது குண்டைத் தடுத்து நிறுத்த ஒரு புதுமையும் நடக்கவில்லை. பாறையைப் பிளந்த கடவுளுக்குத் துப்பாக்கியை அடைக்கத் தெரியாதா? தெரியும். தண்ணீர் அவரைத் தப்புவிக்கத் தரப்படவில்லை. அந்தக் காற்றாடிமலை வரை நடப்பதற்குத் தரப்பட்டது. நாங்கள் அப்படித்தான் புரிந்துகொள்கிறோம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, குணத்துக்காகச் செபிக்கவே வேண்டாமா என்று கேட்காதீர்கள். தாராளமாகச் செபியுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். குணமளிக்கும் செபங்களைப் பற்றித் திருஅவையின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் இராட்சிங்கர் தலைமையில், 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று ஓர் அறிவுரையை வெளியிட்டது. நலம் வேண்டி மன்றாடுவது நல்லது, நோயாளரின் உரிமை என்கிறது அது. செபிப்பதால் மருந்தை விட்டுவிட வேண்டும் என்பதில்லை என்றும் தெளிவுபடுத்துகிறது. கூச்சல், நாடகத்தன்மை, பரபரப்பு ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. மேடையில் சாட்சி சொல்லிவிட்டு வந்த உற்சாகத்தில் இன்சுலின் ஊசியை நிறுத்தி, பத்தே நாளில் ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களை நாங்கள் அறிவோம். மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார், மண்ணிலிருந்து மருந்துகளைத் தந்தவரும் அவரே, அறிவுள்ளவர் அவற்றைப் புறக்கணியார் என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் போதிக்கிறது. வீட்டில் விவிலியம் இருந்தால் இன்றிரவே அந்த அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். முதலில் நோயாளி வாசிக்கட்டும்.

ஆந்திரத்துக் குண்டூரில் 1920 முதல் உழைத்த ஆஸ்திரேலிய மருத்துவச் சகோதரி மேரி குளோரி, கத்தோலிக்க மருத்துவமனைகளை 1943-இல் ஒரே சங்கமாக ஒன்றுசேர்த்தவர். எத்தனையோ தாய்மாரைப் பிரசவத்தில் காப்பாற்றியவர், புற்றுநோயால் 1957-இல் பெங்களூரில் இறந்தார். பெத்சதாவில் அந்த மனிதர் சொன்னது என்ன? தம்மைத் தூக்கிவிட ஆள் இல்லை என்றுதானே. அந்த ஆளாக இருக்கும் வேலையை இயேசு திருஅவையிடம் விட்டுச் சென்றிருக்கிறார். இரவுப் பணிக்குப் போகும் செவிலியரே, மாமியாருக்குப் படுக்கைத் துணி மாற்றும் மருமகளே, இது உங்களைப் பற்றித்தான்.

கடைசியாக ஒரு செய்தி. நோயில்பூசுதல் என்ற அருளடையாளத்தை நம் பெரியவர்கள் ‘அவஸ்தைப்பூசுதல்’ என்பார்கள். அந்தப் பெயர் மாறி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அச்சம் மட்டும் மாறவில்லை. சாமியார் எண்ணெயோடு வந்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்று நினைத்து, நினைவு தப்பும்வரை காத்திருக்கிறோம். நோயாளிக்குச் செபிக்கவும் முடியாது, நற்கருணை விழுங்கவும் முடியாது என்ற நிலையில் நள்ளிரவில் பங்கு இல்லத்துக்கு ஓடுகிறோம். யாக்கோபு தம் திருமுகத்தில், நோயுற்றவரே மூப்பர்களை அழைக்கட்டும் என்கிறார். அழைப்பதற்கு அவருக்கு வாய் இருக்க வேண்டும் அல்லவா? பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் கேட்கலாம். முதுமையில் உடல் தளர்ந்தவர்கள் கேட்கலாம். நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். இந்த வாரம் உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். வீட்டில் ஒரு சிறிய மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி, கொஞ்சம் தீர்த்தம் போதும். அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வையுங்கள். நோயாளி எழுந்து உட்கார முடிந்தால் உட்காரட்டும்.